பேனரில் இருந்த சாராள்

சாராளுக்கு அந்தப் பசி வந்தது முப்பத்தோரு வயதில். அதற்கு முன் பசி தெரியாதவள் இல்லை. ஊருக்கு வெளியே காலனியில் இருந்த அவளுடைய அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். சின்ன வயதில் வெறும் வயிற்றோடு படுத்த நாட்கள் உண்டு. ஆனால் இது வேறு பசி. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வயிறு மறுபடியும் கேட்கும். கேண்டீனில் இரண்டு தட்டு சோறு முடித்துவிட்டு, சாயங்காலம் தரும் போண்டாவை நினைத்துக்கொண்டிருப்பாள். வீட்டில் மகள் ஸ்நேகா தட்டில் மிச்சம் வைத்ததையும் விடமாட்டாள்.

பசியைக் கொண்டுவந்தது மாத்திரை. அந்த மாத்திரைதான் அவளை மனுஷியாக நிற்க வைத்தது என்பதும் உண்மை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்குள் போகும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்க்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. கை வேகமானவள் என்று பெயர் வாங்கியவள். ஒரு கோடையில் தூக்கம் போயிற்று. பிறகு, பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுவதாகத் தோன்றியது. மெஷின் நின்றாலும் பேச்சு நிற்கவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீரோடு அவள் பெயரும் வந்தது. புருஷன் பாக்கியராஜ் பயந்துபோய்த் திருவள்ளூர் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். மனநல டாக்டரம்மா கொடுத்த மாத்திரையில் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. தூக்கம் வந்தது. வேலைக்குத் திரும்பினாள்.

உடம்பு மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. யூனிபார்ம் கோட்டு இரண்டு முறை மாறியது. மூன்றாவது முறை ஸ்டோர்காரர், "உன் சைஸுக்கு ஆம்பளைங்க கோட்டுதான்மா கீது" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அன்று வீட்டில் கண்ணாடியைத் துணி போட்டு மூடினாள்.

அப்போதுதான் நர்மதா வந்தாள்.

நர்மதா முன்பு அதே லைனில் அவள் பக்கத்தில் நின்று வேலை செய்தவள். பக்கத்துக் கிராமத்தில் நெல் நிலம் வைத்திருக்கும் குடும்பம். ஆனாலும் சாராளின் டிபன் பாக்ஸிலிருந்து மீன் குழம்பை எடுத்துப் போட்டுக்கொள்வாள். அந்த ஒரு காரியத்துக்காகவே சாராளுக்கு அவளை அவ்வளவு பிடிக்கும். கம்பெனியை விட்டு நின்ற பிறகு நர்மதா புதுவாயலில், ஒரு செல்போன் கடைக்கு மேல், எடை குறைக்கும் பவுடர் விற்கும் கிளப் நடத்தினாள். காலையில் பெண்கள் வந்து உட்கார்ந்து ஸ்ட்ராபெரி வாசனையோடு கலக்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். அங்கே யாரும் அவளை அக்கா என்று கூப்பிடக்கூடாது. "கோச்"தான்.

"உனக்கு ஒடம்புல ஒண்ணும் கோளாறு இல்ல சாரா. எல்லாம் அந்த மாத்திர. அது விஷம். மொதல்ல அத்த நிறுத்து. பவுடர் உள்ள போய் வேல செய்யணும்னா அது வெளிய போவணும்."

"டாக்டரம்மா நிறுத்தக்கூடாதுன்னாங்களே?"

"அவங்களுக்கு மாத்திர குடுக்கறதுதான வேல? நான் உன் பிரெண்டு. நான் பொய் சொல்லுவனா?"

அன்றைக்கே சாராளைச் சுவரோரமாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்தாள். சாராள் மாத்திரையை நிறுத்தினாள். பசி குறைந்தது. எடையும் கொஞ்சம் குறைந்தது. கிளப்பில் கைதட்டினார்கள். அவள் கண்ணாடியின் துணியை எடுத்தாள்.

சில வாரங்களில் தூக்கம் போயிற்று. பிறகு குரல்கள் வந்தன. ஒரு பகல் வேளையில் லைனை அப்படியே விட்டுவிட்டு வெளியே நடந்தாள். கல்கத்தா ஹைவேயில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி, தன்னைக் கூப்பிடுகிறவர் யார் என்று தேடிக்கொண்டு போனாள். ஒரு டிரைலர் லாரி பிரேக் போட்டுச் சாய்ந்து, அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. சாராளுக்கு அதிகம் நினைவில்லை. டயர் கருகிய நாற்றம் மட்டும் நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு பாக்கியராஜ் நர்மதாவுக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தான். கட்டிலில் படுத்திருந்த சாராளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"நான் நிறுத்தச் சொல்லவே இல்லிங்க. அவளா எதையோ பண்ணிக்கினா நான் இன்னா பண்றது? காலனி ஜனங்களுக்கு எவ்ளோ சொன்னாலும் புரியாதுங்க."

மாத்திரை உள்ளே போய், தலைக்குள் எல்லாம் மங்கலாக இருந்த நேரம் அது. அந்த மங்கலிலும் அந்தக் கடைசி வாக்கியம் தெளிவாக நின்றது. என் டிபன் பாக்ஸில் கை போட்டவளா இப்படிச் சொன்னாள்?

உடம்பு தேறியது. எடை முன்பிருந்ததைவிட ஏறியது. டாக்டரம்மா திட்டவில்லை. "எடை ஏறுறதைப் பத்தி எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. மாத்திரை பசியைத் தூண்டும். அது உங்க தப்பில்லை. ஆனா நீங்களா நிறுத்தக்கூடாது. வேற மாத்திரைக்கு மெதுவா மாத்தலாம்" என்றார். சர்க்கரையும் கொழுப்பும் பார்த்தார். பழைய மாத்திரையை வாரா வாரம் குறைத்து, வேறொன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். எடைக்கென்று சர்க்கரைக்காரர்கள் போடும் மாத்திரை ஒன்றையும் சேர்த்தார். காய் முதலில், சோறு பிறகு. டீயில் சர்க்கரை வேண்டாம். போண்டாவுக்குப் பதில் சுண்டல். தினமும் நடக்க வேண்டும்.

சாராள் நடந்தாள். ஷிப்டு முடிந்து, சிப்காட் ரோட்டில், லாரிகள் நிற்கும் வரிசையை ஒட்டி. உடம்புக்காக நடக்கிறாள் என்று பாக்கியராஜ் சந்தோஷப்பட்டான். அவளை நடக்க வைத்தது வேறு. ஒவ்வொரு அடிக்கும் மனசுக்குள் நர்மதாவிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு நடந்தாள். கால் வலித்தால் காலனி ஜனங்கள் என்று அவள் சொன்னதை நினைத்துக்கொள்வாள். வலி போய்விடும். கேண்டீனில் இரண்டாவது தட்டுக்குக் கை நீளும்போது, 'நான் இப்படியே வீங்கிக் கிடக்கணும்னுதான் அவ நினைப்பா' என்று எண்ணிக் கையை இழுத்துக்கொள்வாள். மெதுவாக எடை இறங்க ஆரம்பித்தது.

பேனரை அவள் பார்த்தது அப்போதுதான். புதுவாயல் கூட்டுரோட்டில், கல்யாண மண்டபத்துக்கு வெளியே கட்டியிருந்தார்கள். நர்மதாவின் கிளப் நடத்தும் பெரிய கூட்டத்துக்கான பேனர். அதில் சாராளின் இரண்டு படங்கள். இடது பக்கம் சுவரோரமாக எடுத்த பருத்த சாராள், 'முன்'. வலது பக்கம் ஒல்லியான சாராள், 'பின், மூன்றே மாதத்தில்'.

ஒல்லியான படம் எது என்று ஒரு நொடியில் தெரிந்தது. நோய் வருவதற்கு முன், கம்பெனி ஆயுத பூஜையில் அவளும் நர்மதாவும் சேர்ந்து எடுத்தது. நர்மதாவை வெட்டிவிட்டிருந்தார்கள். ஆனால் சாராளின் தோள்மேல் அவளுடைய விரல்கள் மட்டும் மிச்சம் இருந்தன.

பாக்கியராஜுக்குக் கோபம் தலைக்கேறியது. "இப்பவே போய் கிழிச்சிப் போட்டுட்டு வரேன்."

"கிழிச்சா வேற ஒண்ணு கட்டுவா. இருக்கட்டும் உடு."

"எத்தினி நாளைக்கு?"

"கூட்டத்தன்னிக்கி வரைக்கும்தான்."

அதற்குள் ஒரு விநோதமான பயம் அவளைப் பிடித்தது. எடை இறங்கிக்கொண்டே போனால் நர்மதாவின் பொய் உண்மை மாதிரி ஆகிவிடும். டாக்டரம்மா குறைத்ததை அவள் தன் பவுடர் குறைத்ததாகச் சொல்லிக்கொள்வாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்த ஆத்திரம் இப்போது இரண்டு மடங்காயிற்று.

கூட்டத்தன்று சாராள் இருக்கிற புடவைகளிலேயே நல்லதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். சிப்காட் பெண்கள்தான் பாதிப் பேர். அதே பேனர் மேடைக்குப் பின்னாலும் கட்டியிருக்க, நர்மதா அதற்கு முன்னால் மைக்கோடு நின்றாள். சாராளைப் பார்த்ததும் ஒரு கணம் முகம் வெளுத்தது. அடுத்த கணமே சுதாரித்துக்கொண்டாள். கெட்டிக்காரி.

"இதோ, பேனர்ல பாத்தீங்களே, நம்ம சாரா அவங்களே வந்திருக்காங்க! கொஞ்ச நாள் பவுடர உட்டாங்க, வெயிட்டு ஏறிப்போச்சு. இப்ப மறுபடியும் குறையுது பாருங்க. மேல வா சாரா!"

சாராள் மேலே போனாள். நர்மதா மைக்கை அவள் கையில் கொடுத்து, பழைய பழக்கத்தில் தோளில் கை போட்டாள். சாராள் அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டாள்.

"கம்பெனில இருக்கறவங்க எல்லாரும் அந்த போட்டோவ பாருங்க. நான் இன்னா கலர் கோட்டு போட்டுக்கினு கீறேன்?"

யாரோ, "நீலம்" என்றார்கள்.

"நீலக் கோட்டு எப்ப நின்னுது? நமக்கு இப்ப சாம்பல் கலரு. நீலத்த நிறுத்தி அஞ்சு வருஷம் ஆவுது. இது எனக்குச் சீக்கு வர்றதுக்கு முந்தி எடுத்தது. எனக்கு மனசு சீக்கு. காதுல கொரல் கேக்கும். அதுக்கு மாத்திர சாப்புடறேன், அதுல ஒடம்பு ஏறிச்சு. இவ மாத்திரய நிறுத்தச் சொன்னா. நிறுத்தினேன். ஹைவேல லாரிக்கு முன்னால போய் நின்னேன்."

நர்மதா இன்னொரு மைக்கைப் பிடுங்கினாள்.

"அவங்க மனநிலை சரியில்லாதவங்க. அவங்களே சொல்லிட்டாங்க. அவங்க பேச்ச யாரும் நம்பாதீங்க."

"ஆமா. சரியில்லாதவதான்" என்றாள் சாராள். "அப்புறம் எதுக்குடி என் மூஞ்ச காட்டி யாவாரம் பண்ற?"

முன்வரிசையில் இருந்த முத்தம்மா என்ற வயதான பெண் எழுந்தாள். "எனக்குச் சர்க்கர மாத்திரய நிறுத்தச் சொன்னியே நர்மதா. காலு புண்ணு ஆறவே இல்லியே. அதுவும் இதனாலதானா?" என்று கேட்டாள். அதன்பின் யாரும் மேடையைப் பார்க்கவில்லை. ஒருவரோடொருவர் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு கத்தலாயிற்று. பவுடர் டப்பாக்களை மேடைமேல் வீசினார்கள்.

சாராள் அத்தோடு விடவில்லை. அடுத்த திங்கட்கிழமை முத்தம்மாவையும் கூட்டிக்கொண்டு திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தாள். அதிகாரிகள் வந்து கிளப்பைப் பூட்டினார்கள். பவுடரைப் பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள்.

மேடையில் சொன்னதற்கு அவளும் விலை கொடுத்தாள். கேண்டீனில் இரண்டு பெண்கள் அவள் பக்கத்தில் உட்காருவதை விட்டார்கள். கம்பெனி, வேலை செய்யத் தகுதியானவள் என்று டாக்டரிடம் சான்று கேட்டது. வாங்கிக் கொடுத்தாள். ஒளிப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்பது அவளுக்கு ஒரு விதத்தில் வசதியாகவே இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை நர்மதா வீட்டுக்கே வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. மாமியார் வீட்டில் தலை காட்ட முடியவில்லை என்றாள்.

"மனுவ மட்டும் வாபஸ் வாங்கிக்க சாரா. நான் பண்ணது தப்புதான். சர்ச்சுல மன்னிக்கணும்னுதான சொல்லித் தராங்க?"

"மன்னிக்கறத கர்த்தர் பாத்துப்பாரு. கேஸ நான் பாத்துக்கறேன்."

"நம்ம ரெண்டு பேரும் எப்டி இருந்தோம்!"

"அத்த போன்ல பேசும்போது நெனச்சியா நீ?"

நர்மதாவுக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு போனாள். பாக்கியராஜ் உள்ளிருந்து வந்து, "பாவமா கீதுமே. உட்டுடலாமா?" என்றான். சாராள் முள்ளங்கியை நறுக்கிக்கொண்டிருந்தாள். அன்று அவள் நன்றாகச் சாப்பிட்டாள், அளவாகவும் சாப்பிட்டாள்.

விசாரணை திருவள்ளூரில் நடந்தது. நர்மதா ஜெயிலுக்குப் போக வேண்டும் என்பது சாராளின் ஆசை. அது நடக்கவில்லை. அபராதம் விதித்து, இனி யாருக்கும் மருந்து மாத்திரை பற்றி யோசனை சொல்லமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். சாராளுக்கு அது போதவில்லை.

திரும்பும்போது பெரியபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, இரண்டு பேர் உட்காரும் சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பும் நேரத்தில் நர்மதா ஓடி வந்து ஏறினாள். வேறு சீட்டு எதுவும் காலி இல்லை. சாராளின் பக்கத்தில் பாதி இடம் இருந்தது. நர்மதா அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு சாராளைப் பார்த்தாள்.

ஒடுங்கி உட்கார்ந்தால் தாராளமாக இன்னொருத்தி உட்காரலாம். சாராள் பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். முழங்கால்களை அகட்டி, முதுகை நன்றாகச் சாய்த்து, தன் உடம்பு முழுவதையும் பரப்பி உட்கார்ந்தாள்.

நர்மதா கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் தள்ளாடியபடி, புதுவாயல் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். சாராள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அவளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.