நாற்பதாம் நாள் சட்டை

எங்கள் ஊரில் சத்தார்குலைப் போல வேர் பிடுங்க ஆள் கிடையாது. முர்காப் மலைப்பக்கம் நிலக்கரி லாரி வருவது நின்றுபோன பிறகு, ஊரே அவனை நம்பித்தான் குளிர் காய்ந்தது. கடப்பாரையோடு கிளம்புவான், முழங்கால் உயரம்கூட இல்லாத தெரஸ்கென் செடிகளை வேரோடு கெல்லி, லாரி நிறைய ஏற்றிக்கொண்டு வருவான். அந்தச் செடி அவ்வளவு வளர்வதற்குள் ஒரு மனுஷன் கிழவனாகிவிடுவான். அடுப்பில் போட்டால் தேநீர் கொதிப்பதற்குள் சாம்பல். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? குளிருக்குப் புத்தி சொல்ல முடியுமா?

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவனும் மனைவி புருலும் இரண்டு குழந்தைகளைப் புதைத்தவர்கள். இரண்டுமே நாற்பதாம் நாளைக் காணாமல் இறந்தவை. பிறந்த குழந்தை இருக்கிற அறையில் நாற்பது நாளும் நெருப்பு அணையக் கூடாது என்பார்கள். இரண்டாவது குழந்தையின்போது ஒரு விடியலில் அடுப்பு குளிர்ந்து கிடந்ததைப் புருல்தான் பார்த்தாள். அதனால் மூன்றாவது பிரசவத்துக்கு முன்பே, பள்ளத்தாக்கில் மிச்சமிருந்ததையும் பிடுங்கி, சத்தார்குல் வீட்டைச் சுற்றிக் கூரை மட்டத்துக்கு அடுக்கிவிட்டான். பெண் குழந்தை பிறந்தது.

அந்த வாரமே பனி கொட்டியது. ஒருநாள் பொழுது சாயும்போது ஆர்க்கார்கள் வந்தன. மனித வாடை பட்டாலே மலை தாண்டி ஓடிவிடும் காட்டுச் செம்மறிகள் அவை. இப்போது முற்றத்தில் நின்றன. குளம்புச் சத்தம் கேட்கவே இல்லை. நாயும் குரைக்காமல் போய்ப் படியடியில் சுருண்டுகொண்டது. வளைந்த பெரிய கொம்புகளோடு கிடாக்கள் முன்னால், பெட்டைகள் பின்னால், எல்லாம் எலும்பும் தோலுமாக. குளிர்காலத்தில் அவை தின்பதும் தெரஸ்கென்தான். அடுக்கிலிருந்து குச்சிகளை உருவி மென்றன. அந்தச் சத்தம் சுவர் வழியே அறைக்குள் கேட்டது.

புருலின் தம்பி மமத் துப்பாக்கியோடு வந்தான்.

"மச்சான், கறி தானா நடந்து வாசலுக்கு வந்திருக்கு. என்னை உரிச்சுக்கோன்னு மட்டும்தான் சொல்லல."

"வேணாம்டா. வாசலுக்கு வந்தது விருந்தாளி. சுட்டா குடும்பத்துக்கு ஆகாது."

"விருந்தாளின்னா சாப்பாடு போடணுமே? அதையும் போடுங்க."

சத்தார்குல், சுடாமல் விட்ட புண்ணியமே போதும் என்று நினைத்துக்கொண்டான். அன்றே அடுக்கு முழுவதையும் ஒரு குச்சி விடாமல் வீட்டுக்குள் கொண்டுபோனான். ஜன்னல்கள் மறைந்தன. படுக்க இடம் இல்லை. தொட்டிலைச் சுற்றி முள்ளும் வேருமாக எழும்பி நின்றது.

ஆர்க்கார்கள் போகவில்லை.

கத்தவும் இல்லை, கதவை முட்டவும் இல்லை. சும்மா நின்றன. கதவு திறக்கும்போதெல்லாம் அத்தனை தலையும் ஒன்றாகத் திரும்பும். அவன் தண்ணீர் எடுக்கப் போனால் நகர்ந்து வழிவிடும். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"போச்சுங்களா?" என்று புருல் தினமும் கேட்பாள்.

"நிக்குது."

"இன்னிக்கு எத்தனை படுத்துச்சு?"

அவன் ஒரு குச்சியை அடுப்பில் வைப்பான். படுத்தவை எழுந்திருக்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

நெருப்பு ஒருநாளும் அணையவில்லை. நாற்பதாம் நாள் குழந்தை கொழுகொழுவென்று தொட்டிலில் கையை ஆட்டியது. வெளியே ஒன்றுகூட நிற்கவில்லை. முற்றம் முழுவதும் கால்களை மடித்து, பனி போர்த்தி, கதவைப் பார்த்தபடி கிடந்தன.

அன்று வீட்டுக்கு வீடு ஒரு துண்டுத் துணி கொடுப்பார்கள். நாற்பது துண்டுகளைத் தைத்துக் குழந்தைக்கு முதல் சட்டை போட வேண்டும். புருல் தேநீர் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஒருவரும் கதவைத் தட்டவில்லை.

சத்தார்குல் எட்டிப் பார்த்தான். ஊர் வந்துவிட்டுத்தான் போயிருந்தது. முற்றத்தைப் பார்த்ததும் உள்ளே வர யாருக்கும் துணிச்சல் இல்லை. கொண்டுவந்த துணியை எதிரில் கிடந்த கொம்பில் கட்டிவிட்டு, முகத்தைக் கையால் தடவித் துவா செய்து, திரும்பிப் போயிருந்தார்கள். கொம்பும் கந்தலுமாக, மகான்களைப் புதைத்து, கொம்பு வைத்து, துணி கட்டி வேண்டிக்கொள்ளும் மஸார் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவன் முற்றம். மமத்தின் பழைய சட்டைத் துண்டும் அங்கே ஆடிக்கொண்டிருந்தது.

"அவுத்துட்டு வாங்க. பிள்ளைக்குச் சட்டை தைக்கணும்," என்றாள் புருல்.

"கொம்புல கட்டினத அவுக்கக் கூடாதுடி. அது செத்தவங்களுக்குக் கட்டினது."

"அவங்க சோத்தையே எடுத்தாச்சு. துணிய எடுக்கத்தான் பயமா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்.

சத்தார்குல் கையுறையைக் கழற்றினான். முடிச்சுகள் உறைந்து கல்லாகிக் கிடந்தன. விரல்களால் முடியவில்லை; பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. அதற்காக அவன் ஒவ்வொரு தலைக்கும் முன்னால் மண்டியிட்டான்.