பட்டை கழற்றிச் சுருள் மாட்டுகிறவன்

பழைய ஜீப்பின் முன்பக்கத்தைச் சீர்திருத்தப் புறப்பட்ட எவனும் அதன்பின் நிம்மதியாக ஒரு டீ குடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எனக்குச் சொந்த ஊர் மீனாட்சிபுரம். பிழைப்பு சாந்தன்பாறைப் பக்கம், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஒர்க்‌ஷாப். இங்கே ஓடும் ஜீப்புகளில் முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்பு ஆக்சில் இணைக்கிறது. அதன் மேல் அடுக்கடுக்காக ஸ்பிரிங் பட்டைகள். அவை பாரத்தையும் தாங்கும், ஆக்சிலையும் நகராமல் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருப்பவரின் இடுப்பைப் பற்றி மட்டும் கவலைப்படாது. நான் பட்டையைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் வைப்பவன். சுருளுக்குத் தாங்கத்தான் தெரியும், பிடிக்கத் தெரியாது. அதனால் ஆக்சில் முன்பின் போகாமல் இருக்க ஆர்ம் என்கிற நீளமான இரும்புக் கைகள், பக்கவாட்டில் போகாமல் இருக்க ஒரு குறுக்கு ராடு. தோட்டத்துக்குள் ஓடும் வண்டிக்குத்தான் செய்வேன். ரோட்டில் ஓடுவது என்றால் அனுமதி வாங்கி வரச் சொல்லிவிடுவேன். தோட்டத்துப் பாதையில் ஜீப்பில் போய் நாக்கைக் கடித்துக்கொண்டவர்கள் எல்லோரும் என் உறவுதான். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

தாலாட்டு

செல்லத்துரை ஒரு தோட்டத்தில் உர மூட்டை ஏற்றும் ஜீப்பை ஓட்டுகிறவர். இடுப்பு வலி தாங்கவில்லை என்று முதலாளியிடம் மன்றாடி, வண்டியை என்னிடம் கொண்டுவந்து விட்டார். சுருள் மாட்டி, ஆர்ம்களைப் பொருத்தி, குண்டும் குழியுமான பாதையில் நானே ஓட்டிக் காட்டினேன். கண் கலங்கிவிட்டார். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த வாரமே திரும்பி வந்தார். வண்டியின் மூக்கில் தேயிலைச் செடி ஒட்டிக்கொண்டிருந்தது. இறங்கி, கதவை ஓங்கிச் சாத்தினார். "அண்ணே, முன்னாடி குலுக்குன குலுக்குல பேய்கூடத் தூங்காது. இப்பத் தொட்டில் மாதிரில்ல ஆட்டுது? கண்ணு சொக்கிப் போச்சுன்னா நான் என்ன பண்ணட்டும்?"

கல்பாத்திக்காரர்

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாலக்காடு கல்பாத்தியில் வீடு. இங்கே தன் அண்ணன் தோட்டத்தில் ஓட்டுவதற்காகப் பழைய ஜீப் ஒன்றை வாங்கியிருந்தார். கீழே இரண்டு ஆர்ம், மேலே ஒன்று, அப்புறம் குறுக்கு ராடு, இப்படித்தான் வேண்டும் என்று போனில் வீடியோ காட்டினார். மேல் ஆர்ம் வருகிற இடத்தில் சைலன்சர் குழாய் போகிறது, நடக்காது என்றேன். அவர் விடவில்லை. நான் அட்டையை வெட்டி ஆர்ம் மாதிரி வைத்துக் காட்டினேன். அட்டை குழாயில் முட்டி மடங்கியது. வேலை ஒழிந்தது என்று எழுந்து கையைத் துடைத்தேன்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. ஆள் மயங்கிவிட்டாரோ என்று குனிந்தால், மல்லாந்து படுத்தபடி என்னைப் பார்த்தார். நெற்றியில் ஆயில் சொட்டியிருந்தது. "எல்லாம் சரி. இந்தக் குழாயை அந்தப் பக்கமா நகத்தப்படாதுன்னு உமக்கு யார் சொன்னா?"

நகர்த்தினோம். ஆர்ம் உட்கார்ந்துவிட்டது.

விருந்து

நோம்பித் திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன், ரெண்டு நாள் இரும்பைத் தொடக்கூடாது என்று. போனதும் போகாததுமாக மாமா என் கையைப் பிடித்துத் தன் பால் வண்டியிடம் கூட்டிப்போனார். அதுவும் முன்னால் ஒரே இரும்பு ஆக்சில் வைத்த பழைய வண்டிதான். பால் அலம்பி வழிகிறதாம், சுருள் போடச் சொன்னார். அடியில் படுத்துப் பார்த்தேன். பாரம் சுமக்கிற வண்டிக்குப் பட்டைதான் நல்லது. பட்டையின் முனையில் தேய்ந்துபோன ரப்பர் புஷ்ஷை மாற்றினால் அலம்பல் குறைந்துவிடும் என்றேன். மாமாவின் முகம் சுண்டிப்போனது. இலை போட்டுக் கூப்பிட்டபோதும் அவர் வரவில்லை. வாசலில் நின்றே சொன்னார்: "ஏனுங்க மாப்ள, ஊருக்கெல்லாம் புதுசு பண்ணித் தர்றீங்க, எங்களுக்குப் பழசே போதும்னு சொல்றீங்களாக்கும்?"

முன் சீட்

ஏலக்காய் எடுக்கிற பெண்களை மலைக்கு ஏற்றிப்போகும் ஜீப் ஒன்று, இறக்கத்தில் முன்பக்கம் வெடவெடவென்று நடுங்குகிறது என்று காலையிலேயே வந்து நின்றது. உள்ளே பெண்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். குறுக்கு ராடைப் பிடிக்கும் பிராக்கெட்டில், வேறு எங்கோ சுருள் மாட்டியபோது வைத்த வெல்டிங்கில், மயிரிழை போல விரிசல். அது விட்டால் ஆக்சில் ஒருபக்கம் ஓடும், ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. அந்தப் பாதையின் வளைவுகளுக்குக் கீழே வெறும் பள்ளம். வண்டி போகாது என்றேன். சூப்பர்வைசர் காய் பழுத்து உதிர்கிறது என்று கத்தினார். முன் சீட்டில் இருந்த பேச்சியம்மாள் அக்கா இறங்கி வந்து, விரிசலில் நகத்தை வைத்துப் பார்த்தார். நகம் அதில் மாட்டியது. "இறங்குங்கடி" என்றார். எல்லோரும் நடந்தே மலை ஏறினார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் புது பிராக்கெட் அடித்து வண்டியை ஒப்படைத்தேன். தோட்டத்துக்காரர்கள் அதை உரம் ஏற்ற விட்டுவிட்டார்கள். பெண்களுக்குத்தான் நடக்கத் தெரிகிறதே! அடுத்த நாள் ஒர்க்‌ஷாப் வாசலில் பேச்சியம்மாள் அக்கா நின்றார். "உசுரக் காப்பாத்திட்டீக தம்பி, சரி. எங்க காலை யாரு காப்பாத்துறது?" வண்டியைப் பெண்களுக்கே விடும்படி சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன், அவர் காதில் வாங்கவில்லை. மறுநாள் பெண்கள் அத்தனை பேரும் மலையடிவாரத்தில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். வெயில் ஏறியதும் ஜீப் வந்தது.

வேடிக்கை பார்க்கப் போயிருந்த என்னை அக்கா விடவில்லை. "நீங்க ஒட்டுனதுதானே, நீங்களும் ஏறுங்க" என்று முன் சீட்டில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். மேலே போய், அதே பாதையில் இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் என் காது ஆக்சிலுக்கு அடியிலேயே இருந்தது. ஒரு நடுக்கமும் இல்லை. கடைசி வளைவு தாண்டியதும் அக்கா என் கையைப் பார்த்துச் சிரித்தார். "வண்டி சரியாத்தான் இருக்கு தம்பி. அந்தக் கம்பிய விடுங்க, வளைஞ்சிரப் போகுது."

முன் ஆக்சிலை எத்தனை ராடு போட்டுக் கட்டினாலும், கடைசியில் அது வந்து உட்காருவது என் தலைமேல்தான்.