புளிக்குத் தப்பிய காலணா

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் பஞ்சர் கடை. ஒட்டினாற்போல் ஒரு டீக்கடை. எனக்கும் டீக்கடைக்காரருக்கும் ஒரே பைத்தியம், செல்லாத பழைய சில்லறை.

பழங்காசுக்குப் பளபளப்பு அழகில்லை என்பது இன்று எனக்குத் தெரியும். பல பேர் மடியிலும் சுருக்குப்பையிலும் கிடந்து, வியர்வையும் வெற்றிலைச் சுண்ணாம்பும் பட்டுப்பட்டு, ஒரு பைசா பலாக்கொட்டை நிறத்துக்கு வரும். விளிம்பில் மட்டும் மயில் கழுத்து மாதிரி நீலம் ஓடும். அதை யாரும் பூச முடியாது. அன்று இது தெரியாமல்தான் கெட்டேன்.

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு எங்கள் இருவர் காசுகளையும் கேட்டிருந்தார்கள்.

"அண்ணாத்தே, உன் காசெல்லாம் அழுக்கேறிக் கீது. நாலு பேர் பாக்குற எடம். புளி போட்டு வெளக்கிடு" என்றார் அவர்.

ஆயுத பூஜைக்கு ஸ்பேனரைக்கூடத் துலக்கிப் பொட்டு வைக்கிற கை இது. நியாயமாகத்தான் பட்டது. நானும் மனைவியும் குத்துவிளக்கைத் தேய்ப்பது போல் ஒரு ஞாயிறு முழுக்கத் தேய்த்தோம்.

மறுநாள் கண்காட்சியில் பார்த்தால், அவருடைய காசுகள் கறுப்பும் பழுப்புமாக அப்படியே இருந்தன. காசு தெரிந்த வாத்தியார் ஒருவர் அந்த மேஜையை விட்டு நகரவில்லை. என் மேஜைக்கு வந்தவர், "அய்யய்யோ, தோலையே உரிச்சிட்டீங்களே!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"இன்னா அண்ணாத்தே, தமாஷுக்குச் சொன்னா நெஜமாவே தேச்சிக்கினு வந்துட்டியே!"

அந்தக் கதையை ஒரு வருஷம் டீயோடு சேர்த்து ஆற்றி, வந்தவனுக்கெல்லாம் ஊற்றினார் மனுஷன்.

கொட்டினால் தேள், கொட்டாவிட்டால் பிள்ளைப்பூச்சி என்பார்கள். நான் பிள்ளைப்பூச்சியாகவே இருந்து நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புளிக்குத் தப்பியது ஒன்றே ஒன்று. என் மகளுக்குச் சின்னதில் அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டியிருந்த ஓட்டைக் காலணா, பீரோவில் மறந்து கிடந்தது. நாவல்பழ நிறம். ஒரு நாள் அதை வேண்டுமென்றே அவர் டீ கிளாஸ் பக்கத்தில் வைத்தேன். ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அவரிடம் எல்லாம் உண்டு, இப்படி நிறம் ஏறிய ஓட்டைக் காலணா கிடையாது.

"என் காசுல எது வேணுமோ எடுத்துக்க. இத்த மட்டும் எனக்குக் குடுத்துடு."

"யோசிக்கிறேன்பா" என்றேன். ஒரு மாதம் யோசித்தேன். தினமும் டீயும் மசால்வடையும் சும்மா வந்தன. விடவில்லை, சாப்பிட்டேன்.

பிறகு பேத்திக்குப் புதுக் கறுப்புக் கயிறு வாங்கி, அந்தக் காலணாவைக் கோத்து இடுப்பில் கட்டினேன். இப்போது தினமும் மத்தியானம் அவள் டீக்கடைக்குள் தவழ்ந்து போய், பெஞ்சைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். சட்டை மேலே ஏறும். காசு தெரியும்.

"யோவ், கொயந்த தொலைச்சிடும்யா!" என்று பதறுகிறார்.

"என்னுது இல்லப்பா. ஓனர் தோ நிக்கிறாங்க, கேட்டுக்க."

பன்னை நீட்டிப் பார்த்தார். பன்னை வாங்கிக்கொண்டாள்.

இன்னும் மூன்று நான்கு வருஷமாவது கட்டியிருப்பாள். நிறம் இன்னும் ஏறும். மனுஷன் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.