மஞ்சள் பட்டிச் சட்டையில் ஒரகடம் வரை

ஒன்பது நாளாக அக்காவின் போன் அணைந்தே கிடந்தது. இந்தப் பயணத்துக்கு வேறு காரணம் இல்லை.

அக்கா சுகந்தி ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் டிரெய்னி. அங்கேயே தோழிகளோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள். சித்திரையில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அப்பா கூப்பிட்டார். வரமாட்டேன் என்றுவிட்டாள். அன்றிலிருந்து குன்றத்தூரில் எங்கள் வீட்டில் அவள் பெயரை எடுக்கக் கூடாது. நான் ஒரே ஒருமுறை எடுத்தேன். "நீயும் அவ ரூட்ல போறியா? அப்ப ஸ்கூலு கீலுலாம் வோணாம், வூட்லயே கெட" என்றார் அப்பா. அவர் சொன்னால் செய்வார். அடுத்த மாதம் நான் பன்னிரண்டாம் வகுப்பு. அதனால் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன், அதுவும் எல்லோரும் தூங்கிய பிறகு. என்னைப் போல யாரையாவது தேடி மே மாதத்தில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இது உதவலாம்.

கோடையில் போவதென்றால் முதலில் உடையை யோசியுங்கள். எங்கள் ஸ்கூல் யூனிபார்ம் பாலியஸ்டர் சுடிதார், அதன்மேல் ஓவர்கோட். நின்றாலே முதுகில் தண்ணீர் ஓடும். தவிர, மத்தியானத்தில் யூனிபார்மோடு பஸ்ஸ்டாண்டில் தனியாக நின்றால் யாராவது நிச்சயம் விசாரிப்பார்கள். பொங்கலுக்கு வந்தபோது அக்கா விட்டுப்போன கம்பெனிச் சட்டை ஒன்று பீரோவில் இருந்தது. வெளிர் நீலம், சுத்தப் பருத்தி, வலது கையில் மஞ்சள் துணிப் பட்டி. அம்மா அதை இஸ்திரி போட்டுத் தன் புடவைகளுக்கு மேலே வைத்திருக்கிறாள். காலையில் குளித்துவிட்டுப் பீரோவைத் திறந்தால் அவள் கண்ணில் முதலில் படுவது அதுதான். அம்மா பீரோவை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனபின் அதை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் 11:30க்கு முடிந்தது. வீட்டில் ஐந்து மணி வரை கிளாஸ் என்று சொல்லியிருந்தேன். 11:50க்குக் குன்றத்தூரில் ஸ்ரீபெரும்புதூர் பஸ். இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், ஒரு மணி நேரம் ஆனது. சாதாரண பஸ் என்பதால் பெண்களுக்குக் காசு இல்லை. ஜன்னல் பக்கம் உட்காராதீர்கள், கம்பி சுடுகிறது. வருகிற காற்றும் அடுப்பைத் திறந்தது போலத்தான்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸ்டாண்ட் கழிப்பறையில் (ஐந்து ரூபாய்) ஓவர்கோட்டையும் டாப்பையும் கழற்றிவிட்டு அக்காவின் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அக்கா என்னைவிடப் பெரிய உடம்பு. சட்டை தொளதொளவென்று நின்றது, உள்ளே காற்று புகுந்தது. பஸ்ஸ்டாண்டில் அவ்வளவு கூட்டத்திலும் என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதை வேண்டித்தான் வந்தேன். ஆனாலும் ஒரு நிமிடம் அழுகை வந்தது.

ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ பிடிக்க ரோட்டோரம் நின்றேன். மணி 1:05. ஒரு கம்பெனி பஸ் வந்து என் முன்னால் நின்றது. டிரைவர் கதவு வழியாகக் குனிந்து, "இன்னாம்மா, செகண்ட் ஷிப்டு தானே? ஏறு, லேட்டாவுது" என்றார். அங்கே கம்பெனி பஸ்காரர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, சட்டையைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. அக்காவின் கம்பெனிக்கே போகும் பஸ் என்று மட்டும் புரிந்தது. ஏறிவிட்டேன்.

பக்கத்து சீட்டில் இருந்த பெண் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். முப்பது வயதிருக்கும். அவர் சட்டையில் பச்சைப் பட்டி.

"ஏ பிள்ள, நீ எந்த லைனு?"

லைன் என்றால் பாகங்கள் பூட்டும் வரிசை என்று அக்கா சொல்லியிருக்கிறாள்; எந்த லைன் என்று தெரியாமல் மஞ்சள் பட்டியைக் கையால் மறைத்தேன்.

"மஞ்சப் பட்டி டிரெய்னி பேட்ச்சுக்கெல்லாம் மாசியோட முடிஞ்சிட்டுல்லா? ஒரு வருசம் முடிஞ்சதும் எல்லாத்தையும் அனுப்பிட்டாவளே. நீ இன்னும் இந்தச் சட்டயப் போட்டுட்டு எங்க போற?"

மாசிக்குப் பிறகும் அக்கா போனில் "லைன்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். இது அக்காவின் சட்டை, அவளைத் தேடித்தான் வந்தேன் என்று மெதுவாகச் சொன்னேன்.

"குன்றத்தூர் சுகந்தியா? எங்க ரூமுக்கு அடுத்த ரூம்தான் அவ" என்றார். அவர் பெயர் இசக்கியம்மாள், திருநெல்வேலிப் பக்கம். பேங்க் வேலையாக ஸ்ரீபெரும்புதூர் வந்துவிட்டு அப்படியே ஷிப்டுக்குப் போகிறாராம். "இப்ப ஒரு பிளாஸ்டிக் ஷெட்டுல நைட்டு வேலைக்குப் போறா. பயப்படாத, நல்லாத்தான் இருக்கா. போனு கீழ விழுந்து ஒடஞ்சிட்டு, அவ்வளவுதான். ஆனா நீ கம்பெனி கேட்டு வரைக்கும் வந்துராத. அங்க கார்டு கேப்பாக, இல்லன்னா வீட்டுக்குப் போன் போட்ருவாக."

வீட்டுக்குப் போன் என்றதும் பையைத் தூக்கிக்கொண்டேன். அவரே எழுந்து போய் டிரைவரிடம் பேசினார். டிரைவர் கண்ணாடியில் என்னை முறைத்தார்.

"கார்டு இல்லாமயா ஏறிக்கினு வந்த? என் வேலைக்கு வேட்டு வெச்சிடுவ போலகீதே!"

"நீதான் கூப்பிட்டு ஏத்துன, அண்ணே. பிள்ளையவா சொல்லுத?" என்றார் இசக்கியம்மாள். பஸ்ஸே சிரித்தது. கேட்டுக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் என்னை இறக்கிவிட்டார்கள். 1:40. மரமே இல்லாத ரோடு. அவர் சொன்ன வழியில் பன்னிரண்டு நிமிடம் நடந்தேன். சட்டை முழுதும் நனைந்துவிட்டது.

வரிசையாக ஆறு ரூம்கள், மேலே சிமெண்ட் ஷீட். அக்காதான் கதவைத் திறந்தாள். நைட்டி, கழுத்தில் ஈரத் துண்டு, கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக வேர்க்குரு.

"ஏய்! அப்பாவுக்குத் தெரியுமாடி?" என்றாள் முதலில். இல்லை என்று தலையாட்டினேன். பிறகுதான் சட்டையைப் பார்த்தாள். "அய்யய்ய, இத்தப் போட்டுக்கினு கம்பெனி பஸ்லயே வந்துட்டியா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் முதுகைத் தொட்டுப் பார்த்தவள், தன் கழுத்துத் துண்டை எடுத்து நனைத்து என் கழுத்தில் போட்டாள்.

"அங்க கம்பெனில ஏசி. குளிர் தாங்காம சட்டைக்குள்ள பனியன் போட்டுக்கினு போவோம்" என்றாள். "இங்க ஷெட்ல மிஷின் சூடு. ஆம்பள சட்டை, ரெண்டு சைஸ் பெருசா, பழசாப் போன காட்டன். அதான் தாங்குது. பவுடர் போட்டா வேர்க்குரு அடச்சிக்கினு இன்னும் எரியும். டைட்டா எதுவும் போடாத."

இதைச் சொல்வதற்குள் அவள் குரல் மாறிவிட்டது. "கம்பெனி இல்லன்னு அம்மாகிட்டகூட சொல்லாதடி. அப்பாவுக்குத் தெரிஞ்சா நாளைக்கே வந்து கூட்டிக்கினு போய்க் கட்டிக் குடுத்துடுவாரு. வேற ஒரு கம்பெனில இன்டர்வியூ முடிச்சிருக்கேன். ஆவணிக்குள்ள கூப்பிடுவாங்க. அது வரிக்கும் நான் இங்கதான் லைன்ல இருக்கேன், சரியா?"

சரி என்றேன். தக்காளி சாதம் பிசைந்து பாதியை எனக்குக் கொடுத்தாள். ஃபேன் சூட்டைத்தான் சுழற்றியது. கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். இரவு அவளுக்கு வேலை. எழுப்ப மனம் வரவில்லை. ஈரம் காயாத கம்பெனிச் சட்டையைக் கவரில் சுற்றி, யூனிபார்மைத் திரும்ப மாட்டிக்கொண்டு 3:20க்குக் கிளம்பினேன். ஷேர் ஆட்டோவில் ஸ்ரீபெரும்புதூர் வரை பதின்மூன்று கிலோமீட்டர், நாற்பது ரூபாய். வீட்டுக்குள் நுழைந்தபோது 5:40.

"ஏன்டி இப்படி வேர்த்து ஊத்துது?" என்றாள் அம்மா.

"கிளாஸ்ல கரண்டு இல்லம்மா."

அவள் விசிறியை எடுத்து எனக்கு வீசினாள். அக்கா சாப்பிட்டாள், சிரித்தாள், கழுத்தில் வேர்க்குரு என்று எல்லாமே நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

போகிறவர்களுக்கு: பருத்திதான் போடுங்கள். வெளிர் நிறம், தொளதொளப்பு, உள்ளே இன்னொரு துணி வேண்டாம். ஒரு சிறு துண்டும் ஒரு லிட்டர் தண்ணீரும் கையில் இருக்கட்டும். கம்பெனிச் சட்டை எதையும் போடாதீர்கள், அது உங்களை எங்கோ ஏற்றிவிடும். இன்னொன்றை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பருத்தி உடம்புக்கு நல்லது, ஆனால் இந்தப் புழுக்கத்தில் துவைத்தால் காயாது. யாருக்கும் தெரியாமல் திரும்ப வைக்க வேண்டிய துணியென்றால் பாலியஸ்டர்தான் உத்தமம்.

நேற்று மாலை வந்ததும் விரித்துப் பார்த்தேன். முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு. பத்தரைக்குச் சத்தமில்லாமல் அலசி, ஹாலில் ஃபேனுக்கு நேராக நாற்காலியில் விரித்தேன். இப்போது 3:10. காலரும் அந்த மஞ்சள் பட்டியும் இன்னும் ஈரம். அம்மா ஐந்து மணிக்குக் குளித்துவிட்டுப் பீரோவைத் திறப்பாள்.

உடம்புச் சூட்டில் காய்கிறதா பார்க்கிறேன் என்று அதை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அலசியதில் அக்காவின் வாசனை போய்விட்டது. காலர் மட்டும் கழுத்தில் ஜில்லென்று, அவள் போட்ட துண்டு போலவே இருக்கிறது. இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன்.