சுவரில் தொங்கிய ஸ்பேனர்கள்

ஆரணி அரிசி மில் ஃபிட்டர் வேடியப்பன், ஒவ்வொரு ஸ்பேனருக்கும் சுவரில் ஆணி அடித்து, அதன் உருவத்தைச் சுற்றிக் கரிக்கோடு போட்டிருந்தார். வேலை முடிந்ததும் எல்லாம் அதனதன் கோட்டுக்குள் தொங்க வேண்டும்.

எழுபத்தெட்டில், பொங்கலுக்கு முந்தின வாரம், பழுது பார்த்த மெஷினை ஓட்டச் சொல்லி முதலாளி சக்கரவர்த்தி பறந்தார். வாசலில் நெல் வண்டிகள் காத்திருந்தன.

"ஜல்தியா சுவிட்ச் போடுப்பா!"

"ஒரு கோடு காலியா கீதுங்க. போடமாட்டேன்."

"நீ செவுத்தையே பாத்துகினு இரு, வண்டிங்க வேற மில்லுக்குப் போயிடும்!"

வேடியப்பன் மெஷின் மூடியைக் கழற்றினார். உருளைக்குப் பக்கத்திலேயே கிடந்தது ஸ்பேனர். வைத்து மறந்தது அவர் கைதான். ஓட்டியிருந்தால் மெஷின் சிதறியிருக்கும்.

முதலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"எம் மூக்குக்கண்ணாடிக்கும் ஒரு ஆணி அடிப்பா. தெனம் தேடுறது பேஜாரா கீது."