ஒரு செபமாலை நேரம்

துறைமுக கேட்டில் லாரிச் சீட்டு பார்ப்பது என் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். பூட்ஸ் கடித்துக் கடித்து, வேலையையே விட்டுவிடலாமா என்றிருந்த சமயத்தில், ஒரு காலையில் பஜாரில் ஒரு செருப்புக்கடைக்குப் போனேன். கடைக்காரர் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒல்லி மனிதர். என் காலைத்தான் முதலில் பார்த்தார்.

"என்ன சைஸ் போடுதிய?"

"ஏழு அண்ணாச்சி. கல்யாணத்துல இருந்தே ஏழுதான்."

"வாய்தான் ஏழு சொல்லுது, கால் எட்டு சொல்லுது. சாயந்தரம் டூட்டி முடிச்சிட்டு வாங்க. கால் வீங்கின பொறவுதான் சரியான அளவு தெரியும்."

மாலையில் போனேன். எட்டாம் சைஸ் பூட்ஸை மாட்டிவிட்டார். பணத்தை நீட்டினால் உடனே வாங்கவில்லை.

"கழுத்துல செபமாலை கிடக்குல்லா? நின்னுக்கிட்டே முழுசாச் சொல்லி முடிங்க. கடிச்சா கழத்திப் போட்டுட்டுப் போங்க."

கடை நடுவில் நின்று செபித்தேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, பெட்டிகளை அடுக்கினார். கடைசி மணி முடிந்த பிறகுதான், காலின் ஞாபகமே வரவில்லை என்பது உறைத்தது.

இப்போது வேலையிலும் நிற்கிறேன், ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் நிற்கிறேன். அவருக்காகவும் வேண்டிக்கொள்கிறேன். பெயர் கேட்க மறந்துவிட்டேன். 'செருப்புக்கடை அண்ணாச்சி' என்றுதான் சொல்கிறேன். மாதாவுக்கு ஆளைத் தெரியும்.