மாப்பிள்ளை மடியில ஒரு இடம்

பஸ்ல கண்டக்டரா இருந்த காலம் பூரா அவர் வாயில இருந்து அதிகமா வந்த வார்த்தை ஒண்ணுதான்: "கொஞ்சம் நெருக்கி உக்காருங்க." மூணு பேர் சீட்டுல நாலாவது ஆளைத் திணிச்சு, அந்த ஆள் மடியில யார் வீட்டுக் குழந்தையையோ தூக்கி வச்சிட்டுப் போயிடுவாரு. அதனால ஜனங்க அவருக்கு வச்ச பேரே நெருக்கி. அவர் ஓய்வு வாங்கிட்டாரு, அந்தப் பேரு இன்னும் வாங்கல.

"என்ன நெருக்கி, பேத்தி பொறந்திருக்காளாமே?"ன்னு தெருவுல யாராவது கேட்டாப் போதும். போற வேலையை மறந்துட்டு நின்னுடுவாரு. "மூக்கைப் பாக்கணுமே நீ! அப்படியே என் மூக்கு. கொட்டாவி விடுறா பாரு, அதுல ஒரு அழகு!"

ஆனா அந்தச் சந்தோஷத்துக்கு நடுவுல முள்ளு மாதிரி ஒண்ணு குத்திக்கிட்டே இருந்துச்சு. மாப்பிள்ளை.

ஆஸ்பத்திரியில இருந்து குழந்தையை வீட்டுக்குக் கூட்டிட்டு வர அன்னிக்கு, கார்ல ஏறி உக்காந்து, துண்டை மடியில விரிச்சுக்கிட்டு ரெண்டு கையையும் நீட்டினாரு. மாப்பிள்ளை குழந்தையைக் கொண்டு போய் பின்னாடி மாட்டியிருந்த வாளி மாதிரி ஒரு குழந்தை சீட்டுல படுக்க வச்சு பெல்ட்டைப் போட்டுட்டாரு.

"ஏன் மாப்ள, என் மடி எங்க போச்சு? இது என்ன சாமானா, கட்டி எடுத்துட்டுப் போக?"

"மடியில வேண்டாம் மாமா."

அவ்வளவுதான் பேச்சு. விரிச்ச துண்டை மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டு வீடு வரைக்கும் ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தாரு.

மாப்பிள்ளையோட வேலை மேலயும் அவருக்குக் கோவம். பொண்ணு கேட்டு வந்தப்ப 'விமானத்துல வேலை'ன்னு சொன்னாங்க. இவரும் டிப்போ பூரா சொல்லிப் பீத்திக்கிட்டாரு. அப்புறம்தான் தெரிஞ்சுது, வேலை விமானத்துல இல்ல, விமானத்துல இருந்து குதிக்கிறதுல! ஆசைப்பட்டு வர ஆளைத் தன் நெஞ்சோட சேத்துக் கட்டிக்கிட்டு, வானத்துல இருந்து குதிச்சு, பாராசூட்டை விரிச்சு எறக்கி விடணுமாம்.

"இனிமே இது வேண்டாம். ஒரு குழந்தைக்கு அப்பன் ஆயாச்சு. என் சினேகிதன் டயர் கடையில ஆள் கேக்குறான்"னு மகள்கிட்ட நச்சரிச்சாரு.

மகளுக்கும் உள்ளுக்குள்ள பயம் இல்லாம இல்ல. "அப்பா, ஒரு தடவை நீங்களே அவரோட ஏறிப் பாத்துட்டு வாங்க. அப்பவும் வேண்டாம்னு சொன்னீங்கன்னா, நான் அவரை விட வச்சிடறேன். சத்தியமா"ன்னா.

விடுவாரா? கிளம்பிட்டாரு.

மைதானத்து ஓரம் ஒரு கொட்டகை. அதுல காத்திருக்கிறவங்க உக்கார வரிசையா நல்ல மெத்தை சீட்டு. சீட்டுக் கைப்பிடியில பெல்ட் கூடத் தொங்குது. மகள் குழந்தையோட அதுல உக்காந்துக்கிட்டா. "இதெல்லாம் விமானத்துல இருந்து கழட்டினது மாமா"ன்னாரு மாப்பிள்ளை.

"அப்ப விமானத்துக்குள்ள?"

உள்ள எட்டிப் பாத்தாரு. வெறுந்தரை! பைலட்டுக்கு மட்டும் ஒரு சீட்டு.

"என்ன அநியாயம் இது! சீட்டு தரையில கெடக்கு, மனுஷன் மேல போறப்ப தரையில உக்காரணுமா? என் பஸ்ல ஆடு கோழி கூட இதைவிட மரியாதையாப் போச்சுய்யா!"

"சீட்டு இருந்தா முதுகுல பாராசூட்டோட உக்கார முடியாது மாமா. ஏறுங்க, நாமதான் முதல்ல. கடைசியாக் குதிக்கிறவங்க முதல்ல ஏறி உள்ள போயிடணும். முதல்ல குதிக்கிறவங்க கடைசியா ஏறிக் கதவுகிட்ட உக்காருவாங்க."

அது ஞாயமாத்தான் பட்டுச்சு. ஆனா அடுத்தது படல. மாப்பிள்ளை பைலட் முதுகை ஒட்டி, விமானத்தோட வாலைப் பாத்த மாதிரி உக்காந்து, காலை அகட்டி, "இங்க உக்காருங்க"ன்னு கைகாட்டினாரு.

"எங்க? உங்க மடியிலயா?"

"மடின்னு இல்ல. முன்னாடி."

"என் பேத்திக்கே என் மடி கெடையாதாம். எனக்கு மட்டும் மாப்பிள்ளை மடியா? என் சம்சாரம் கேட்டா சிரிச்சே செத்துடுவா!"

திட்டிக்கிட்டே உக்காந்தாரு. தரையில இருந்து வர பெல்ட்டை மாப்பிள்ளை ரெண்டு பேருக்கும் மாட்டினாரு. ஒருத்தர் காலுக்கு நடுவுல இன்னொருத்தர்னு மத்தவங்களும் ஏறி, ஆரஞ்சுச் சுளை மாதிரி அடைஞ்சு உக்காந்தாங்க. கதவு வரைக்கும் ஒரு கை அகலம் கூட இடம் இல்ல. எல்லாரும் பெல்ட் மாட்டியாச்சு.

அப்பதான் விமானத்தோட முதலாளி வந்தாரு. கூடவே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு சினேகிதர்.

"இவர் குதிக்க மாட்டாரு, சும்மா பாத்துட்டு வருவாரு. கொஞ்சம் நெருக்கி உக்காருங்க."

நெருக்கிக்குச் சுருக்குன்னுச்சு. காலம் பூரா தான் சொன்ன வார்த்தையை யாரோ தனக்குச் சொல்றான்!

"பெல்ட் இல்ல சார். எல்லாம் மாட்டியாச்சு"ன்னாரு மாப்பிள்ளை.

"கொஞ்ச நேரந்தானே. யாரையாவது புடிச்சுக்கிட்டா ஆச்சு."

"பெல்ட் இல்லாம ஒருத்தர் இருந்தா, விமானம் குலுங்குறப்ப அவர் எல்லார் மேலயும் விழுவாரு."

"இவர் வந்தே ஆகணும்ப்பா. உன் மாமனாரு ஓசியிலதானே வராரு?"

ஓசியா! நெருக்கி வாயைத் திறக்கிறதுக்குள்ள இடுப்புல கிளிக்குன்னு சத்தம். மாப்பிள்ளை பெல்ட்டைக் கழட்டிட்டாரு.

"அப்ப எங்க பெல்ட்டை அவருக்குக் குடுங்க. வாங்க மாமா, எறங்கலாம்."

"நானா? நான் ஏன் எறங்கணும்? முதல்ல ஏறினவன் நான்!"

"எறங்குங்க மாமா."

முதல்ல ஏறி உள்ள போய் உக்காந்தவங்க எறங்கணும்னா, விமானமே காலியாகணும். ஒவ்வொருத்தரா பெல்ட்டைக் கழட்டி, முட்டி வலிக்கத் தவழ்ந்து வெளிய குதிச்சு, வெயில்ல நின்னு முறைச்சாங்க. "என்னய்யா, ஸ்டாப்பிங் வந்துடுச்சா?"ன்னு ஒருத்தன் கேலி பண்ணினான். கடைசியா வெளிய வந்த நெருக்கி, டிப்போ அதிர்ற பழைய குரலை எடுத்தாரு.

"யோவ் முதலாளி! மனுஷனை மூட்டையாட்டம் அடுக்குறதுக்கு நீ எதுக்கு விமானம் ஓட்டுற? போய் வைக்கோல் வண்டி ஓட்டு!"

முதலாளி திரும்பிக்கூடப் பாக்கல. எல்லாரும் மறுபடி ஏறினாங்க. கறுப்புக் கண்ணாடி, நெருக்கியோட பெல்ட்டைப் போட்டுக்கிட்டு ஜம்முன்னு உக்காந்துக்கிச்சு. விமானம் கிளம்பிப் போச்சு. அப்புறம் காத்து கூடிப் போக, அன்னிக்கு மேல பறக்கிறது இல்லைன்னுட்டாங்க.

கொட்டகையில மெத்தை சீட்டுல உக்காந்தும் நெருக்கிக்குப் பத்திக்கிட்டு எரிஞ்சுது. மாப்பிள்ளை சாமானெல்லாம் எடுத்து வைக்கப் போயிருந்தாரு. மகள் மெதுவாக் கேட்டா.

"என்னப்பா, வேலையை விடச் சொல்லிடவா?"

"எதுக்கு விடணும்? விட்டா அந்த இடத்துக்கு எவன் வருவான்? 'நெருக்கி உக்காருங்க'ன்னு சொல்றவன்தான் வருவான்! பொண்ணு குடுத்த மாமனாரு, குழந்தைக்குத் தாத்தா, அதுக்கெல்லாம் முகம் பாக்காம, பெல்ட் இல்லாம ஒருத்தரும் வரக்கூடாதுன்னு எறக்கி விட்டுட்டான்மா உன் புருஷன். இவனா உன்னையும் குழந்தையையும் மறந்து எதையாவது பண்ணப் போறான்? டயர் கடைக்கு வேற ஆளைப் பாத்துக்கட்டும்."

மகள் சிரிச்சுக்கிட்டே குழந்தையை நீட்டினா. வாங்கி, மூக்கோட மூக்கு உரசிட்டு, கார்கிட்ட போனாரு. மாப்பிள்ளை பின்கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்னாரு. நெருக்கி யாரையும் பாக்காம, குழந்தையை வாளி சீட்டுல படுக்க வச்சு, பெல்ட்டை மாட்டி, நல்லா இழுத்துப் பாத்தாரு.

"ஒண்ணு சொல்லிட்டேன் மாப்ள. அடுத்த வாரம் நான் வருவேன். என்னைக் கடைசியா ஏத்தணும், கதவு ஓரமா. இப்படி ஊரே பாக்க உள்ள இருந்து எறங்க முடியாது."

"முடியாது மாமா. நாமதான் முதல்ல ஏறணும்."

"அதானே! மாமனார்னு ஒரு மரியாதை உண்டா எனக்கு?"ன்னு கதவை ஓங்கிச் சாத்தப் போனவரு, குழந்தை தூங்குறதைப் பாத்து மெதுவாச் சாத்தினாரு.